சாலைக்கு அடியில் போனது யார்?

ஊரான் காட்டு மிருகங்களுக்கு உள்ளூர் நாற்காலியில் உட்கார்ந்து பெயர் போடுகிற தொழில் எங்களுடையது.

காலையிலிருந்து சாயங்காலம் வரை திரையைப் பார்த்துப் பார்த்து, கண்ணில் மணல் விழுந்த மாதிரி வீட்டுக்குப் போகும் சக ஜீவன்களே, நீங்கள் பார்ப்பது பில்லாக இருக்கலாம், யாரோ ஒருவருடைய எக்ஸ்ரேயாக இருக்கலாம். நான் பார்ப்பது தென் அமெரிக்காவில் இருக்கிற ஒரு மழைக்காடு. எந்த நாடு என்று வெளியில் சொல்லக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பொத்தேரியில் ஒரு டிபன் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே கொத்து பரோட்டா, மேலே ஜாகுவார்.

விஷயம் இதுதான். அந்தக் காட்டை நடுவில் வகுந்துகொண்டு ஒரு நெடுஞ்சாலை போகிறது. மழைத்தண்ணீர் போவதற்காகச் சாலைக்கு அடியில் அங்கங்கே பெரிய சிமெண்டுக் குழாய்கள் இருக்கின்றன. லூசியா என்கிற விஞ்ஞானி அந்தக் குழாய்களின் வாயிலும் இரண்டு பக்கக் காட்டிலும் கேமராக்களைக் கட்டி வைத்திருக்கிறார். எது அசைந்தாலும் கேமரா தானாகவே படம் எடுத்துக்கொள்ளும். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். மிருகங்கள் குழாய் வழியாகத்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகின்றன என்று நிரூபித்தால், நல்ல பெரிய சுரங்க வழிகளாகக் கட்டித் தருவார்கள். நிரூபிக்காவிட்டால் தண்ணீர் போகிற அளவுக்குச் சின்னக் குழாயைப் புதைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் மிருகங்கள் லாரி சக்கரத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

படங்களை முதலில் மெஷின், அதாவது கம்ப்யூட்டரே, பார்த்துப் பெயர் போடும். அது தடுமாறுகிற படங்களெல்லாம் எங்கள் தலையில் வந்து விழும். குழுவுக்கு நான்தான் லீடர். இதைச் சொல்லும்போது முதுகு கொஞ்சம் நிமிர்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

சித்தியின் ஆடுகள்

வேலையில் சேர்ந்த புதிதில் அணுபுரத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்குப் பக்கத்தில் சித்தி உட்கார்ந்தாள். "இன்னா வேல, கஸ்தூரி?" என்றாள். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். புது வேலையின் திமிர், விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன். டாப்பிர் என்று ஒரு மிருகம் இருக்கிறது, பன்றி மாதிரி உடம்பு, மூக்கு மட்டும் குட்டித் தும்பிக்கை, அது சாலைக்கு அடியில் போகிறதா என்று பார்த்து எண்ணவேண்டும் என்றேன். நெட்டில் இருந்த ஒரு டாப்பிர் படத்தையும் போனில் காட்டினேன்.

சித்தி அப்பளத்தை நொறுக்கியபடியே அதை நன்றாகப் பார்த்தாள். இதை எண்ணினால் மாதச் சம்பளம் தருகிறார்களா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்றெல்லாம் விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு முடித்தாள். கையைக் கழுவப் போகும்போது திரும்பி நின்று சொன்னாள்: "எங்க வூட்டு ஆடு ரெண்டு நேத்துலேர்ந்து காணோம். அத எண்ண ஆளு இல்ல. நீ கடலுக்கு அந்தாண்ட போயி எண்ணிகினு கீற."

மாதக் கடைசியில் வராத ஜாகுவார்

எங்கள் குழுவில் ஏழுமலை என்று ஒருவர் இருக்கிறார். முட்டுக்காட்டில் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர். வெயிலில் தண்ணீர் மினுக்கத்தைப் பார்த்துப் பழகிய கண் என்பதாலோ என்னவோ, இருட்டுப் படத்தில் மூலையில் நிற்கிற காதைக்கூட விடமாட்டார், இரவுப் படங்களை அவரிடம்தான் தள்ளுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவருக்கு அந்த ஊர்ச் சிறுத்தையான ஜாகுவார் கிடைத்தது. அலுவலகமே எழுந்து போய் அவர் திரையைச் சுற்றி நின்றது. அன்றைக்கு ஒரு வழக்கமும் பிறந்தது: யாருக்கு ஜாகுவார் கிடைக்கிறதோ அவர் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தரவேண்டும். நம் ஊரில் சந்தோஷப்படுகிறவன்தானே செலவு செய்யவேண்டும்.

சில மாதம் கழித்து லூசியாவிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. ஒவ்வொரு மாதமும் கடைசியாக நாங்கள் முடித்து அனுப்பும் தொகுப்பில் மட்டும் ஜாகுவாரே இருப்பதில்லையே, என்ன காரணம் என்று கேட்டிருந்தார். கேமராவில்தான் கோளாறோ என்று சேற்றில் ஆளை அனுப்பி ஒவ்வொன்றையும் சோதித்தும் பார்த்துவிட்டாராம். கோளாறு எங்கள் பக்கமோ என்று உட்கார்ந்து தேடினேன். 'பிறகு பார்க்க' என்று ஒரு பெட்டி உண்டு, சந்தேகமான படங்களைத் தள்ளி வைப்பதற்கு. ஏழுமலையின் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஜாகுவார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. சம்பளம் வந்த மறுநாள்தான் ஒவ்வொன்றாக வெளியே விடுவாராம்.

அன்றே வழக்கத்தைத் திருப்பிப் போட்டோம். ஜாகுவார் பார்த்தவருக்கு மற்றவர்கள் வாங்கித் தரவேண்டும். வீடியோவில் லூசியாவிடம் விளக்கம் சொல்லவேண்டி வந்தது.  ஏழுமலையே கேமரா முன்னால் வந்து நின்று கைகூப்பினார். எங்கள் முதலாளி பார்த்திபன் சார் அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்தார், அந்தப் பக்கம் லூசியா நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். ஏழுமலை சொன்னது இவ்வளவுதான்: "மேடம், ஜாகுவாருக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீது. எனக்குத்தான் மாசக் கடைசி."

ஒன்றா, இரண்டா?

பெரிய எறும்புத்தின்னி என்று ஒரு அதிசயம். நம் ஊர் அழுங்கு அல்ல. நாயைவிடப் பெரிய உடம்பு, குழாய் மாதிரி நீண்ட முகம், துடைப்பக்கட்டு மாதிரி வால், பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை. குழாய்க்குள் அது போகிற படம் வந்தது. மெஷின் 'ஒன்று' என்றது. நானும் ஒன்று என்று அழுத்தப் போனேன்.

பக்கத்து நாற்காலி ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டெல்லாவுக்கு ஒன்றரை வயதில் பெண்குழந்தை. செங்கல்பட்டில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருவாள், சாயங்காலம் இடுப்பில் தூக்கி வந்து ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போவாள். "அக்கா, அது நடக்கிறத பாரு. முதுகுல கனம் கீது" என்றாள். அடுத்தடுத்த படங்களைத் தட்டிக் காட்டினாள். நடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போகிறது. படத்தைப் பெரிதாக்கினோம். கறுப்புப் பட்டை ஒரே கோடாக இருந்தது. ஆனால் முதுகில் ஒரு இடத்தில் மயிர் வேறு பக்கமாகப் படிந்திருந்தது. அதற்குள்ளே ஒரு சின்னக் கண். குட்டி தாயின் முதுகில் படுத்துக்கொண்டு, தன் பட்டையைத் தாயின் பட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டு போகிறது. பருந்து கண்ணுக்கும் ஜாகுவார் கண்ணுக்கும் ஒன்றாகத் தெரியவேண்டும் என்று கடவுள் போட்ட கணக்கு, எங்கள் கண்ணையும் ஏமாற்றியது.

குட்டியைச் சுமந்துகொண்டு ஒரு தாய் அந்தக் குழாயை நம்பி நுழைகிறாள் என்றால் அது வழி தவறி வந்தது இல்லை, பழகின பாதை. லூசியாவுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. அன்றைக்கு நான் ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டேன். மெஷினுக்குக்கூடத் தெரியவில்லையே, உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவள் கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டியைக் காட்டினாள்: "நான் புள்ளைய முன்னாடி நிக்க வச்சினு போறேன். என்ன ஒருத்தின்னா எண்ணுவாங்க?"

தெரியாவிட்டாலும் எழுது

இப்போது சொல்லப்போகிற தப்பை நம் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் மட்டும்தான் செய்யமுடியும். எங்கள் திரையில் மிருகப் பெயர்களுக்குக் கீழே 'தெரியவில்லை' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒருநாள் லூசியா மிகவும் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேறு ஊர்களில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் அந்தப் பொத்தானை அடிக்கடி அழுத்துகிறார்களாம். எங்கள் குழுவில் இதுவரை ஒருவர்கூட அழுத்தியதில்லையாம். உங்களுக்கு எல்லா மிருகமும் தெரியுமா என்றார்.

எங்களுக்கு என்ன தெரியும். பரீட்சையில் ஒரு கேள்வியைக்கூட விடாதே, தெரியாவிட்டாலும் எதையாவது எழுதிவிட்டு வா, எழுதினதற்காவது மார்க் போடுவார்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட கூட்டம் நாங்கள். புல்லுக்குள் வால் நுனி மட்டும் தெரிந்தாலும் நல்ல மனசோடு ஒரு பெயரைப் போட்டுவிடுவோம். அப்படிப் போட்ட ஒவ்வொரு ஊகமும் லூசியாவின் கணக்கில் பொய்யாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. சாலைக்காரர்கள் அதில் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தால் போதும், மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். லூசியா அதட்டாமல்தான் சொன்னார், ஆனாலும் எனக்குக் காது சூடேறிவிட்டது.

பழைய படங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தோம். சந்தேகம் இருந்தால் 'தெரியவில்லை' என்று அழுத்தவேண்டும் என்று நான் உத்தரவு போட்டேன். முதல்முறை அழுத்தும்போது ஒவ்வொருவருக்கும் கை கூசியது. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். ஏழுமலைதான் முதலில் தெளிந்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "பத்தாவதுல தெரியலன்னு வெள்ளப் பேப்பர் குடுத்துத்தான் பெயிலானேன். இங்க அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறானுங்க."

வரிசையாகப் போனவை

சாலை விசாரணை நெருங்கியது. அந்த ஊரில் மக்களையும் அதிகாரிகளையும் வைத்துப் பொதுக் கூட்டம் மாதிரி ஒன்று நடத்துவார்களாம், அதில்தான் சுரங்க வழியா சின்னக் குழாயா என்று முடிவாகும். சாலைக்காரர்கள் தரப்பில், குழாயில் எலியும் ஊர் நாயும்தான் போகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசித் தொகுப்புப் படங்கள் எங்களுக்கு வந்தன. ஊர் நாய் என்று மெஷின் முடிவு செய்கிற படங்கள் தனியாக ஒதுக்கப்பட்டுவிடும், யாரும் பார்க்கவேண்டியதில்லை. அன்றைக்குக் கையில் வேலை குறைவு. ஒதுக்கினதில் கொஞ்சத்தை எட்டிப் பார்த்தேன்.

குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகச் சின்னச் சின்ன உடம்புகள். குட்டைக் கால், வட்டக் காது, வால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மொட்டை. கடைசியாகப் போனது பின்னங்காலை நொண்டிக்கொண்டு போனது. ஸ்டெல்லா நாய்க்குட்டி என்றாள். ஏழுமலை கீரி என்றார். எனக்கு இரண்டும் மனசுக்கு ஒட்டவில்லை. ஊர் நாய் ஏது இப்படி, ஒன்றின் பின்பக்கத்தை ஒன்று முகர்ந்துகொண்டு வரிசை கலையாமல் போகும்? நம் ஈ.சி.ஆரில் நாய்கள் சாலையைக் கடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று கடக்கும், ஒன்று நடுவில் நின்று யோசிக்கும், ஒன்று திரும்பி ஓடிவரும். காலையில் ஒரு பக்கமாகப் போன வரிசை சாயங்காலம் அதே வரிசையாகத் திரும்பி வந்த படமும் இருந்தது. கடைசியில் அதே நொண்டி. நான் 'தெரியவில்லை' என்று அழுத்தி அனுப்பினேன்.

மறுநாள் லூசியா கூப்பிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அது புதர்நாய். காட்டுக்குள் கூட்டமாக வாழ்கிற, கேமராவில் எளிதில் சிக்காத ஜாதி. அந்தக் காட்டில் இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள், காட்டுவதற்கு ஒரு படம் கிடையாது.  பார்த்திபன் சார் மெல்லப் பெயர்த்துச் சொன்னார். லூசியா சொன்னது: "என் வயதில் பாதியை இந்தக் காட்டில் கழித்துவிட்டேன், இவற்றை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள்."

மாவு மிஷின் நின்ற சாயங்காலம்

விசாரணையில் அந்தப் படத்தை முதலில் கண்டெடுத்தவரும் பதில் சொல்லவேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குக் காலை, நமக்குச் சாயங்காலம். காதுகுத்துக்குக் கட்டின பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தேன். கீழே டிபன் கடையில் மாவு மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஏழுமலை இறங்கி ஓடினார். மாவு ஆட்டாவிட்டால் காலையில் இட்லிக்கு எங்கே போவது என்று கடைக்காரர் சத்தம் போடுவது மேலே வரை கேட்டது. அப்புறம் மிஷின் நின்றுவிட்டது.

அன்றைக்கு நான் எதற்குப் பயந்தேன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனிக்கு வெகுகாலம் பாதை கிடையாது. யாருக்குமே சொந்த நிலமில்லாத ஜனம். சுற்றி இருப்பதெல்லாம் அடுத்தவர் வயல். பிரசவ வலி வந்தவளைக் கட்டிலோடு தூக்கி வரப்பில்தான் போவார்கள். மழைக்காலத்தில் சவத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் வரப்பைக் காலால் தேடித் தேடிப் போவார்கள். அந்தத் தோள்களில் என் அப்பாவின் தோளும் ஒன்று. பாதை கேட்டுக் கொடுத்த மனுவை வாங்கின அதிகாரிகளெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்களாம், இத்தனை நாள் எப்படிப் போனீர்களோ அப்படியே போனால் என்ன என்று. நான் காலேஜில் சேர்ந்த பிறகுதான் எங்களுக்குத் தார்ச்சாலை வந்தது. ஆகவே வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் உளறி அந்த ஜீவன்களின் வழி அடைபட்டுப் போனால் என்ன செய்வேன் என்பதுதான் என் பயம்.

சாலைத் தரப்பு இன்ஜினியர் மரியாதையான மனிதர். இந்த மிருகத்தை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்றார். இல்லை என்றேன். இந்தக் காட்டுக்கு வந்திருக்கிறீர்களா? இல்லை. இது என்ன மிருகம் என்று உங்களுக்குத் தெரிந்ததா? தெரியவில்லை, அப்படித்தான் அழுத்தினேன் என்றேன். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: பின்னே உங்களுக்கு என்னதான் தெரியும்? நான் தமிழில் சொன்னது பார்த்திபன் சார் வாயில் ஆங்கிலமாகி, அங்கே இன்னொருவர் வாயில் அவர்கள் பாஷையாகிப் போய்ச் சேர்ந்தது.  இன்ஜினியர் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். நான் சொன்னது: "காலையில போச்சு, சாயங்காலம் திரும்பி வந்துச்சு. நொண்டிகூட அதுலதான் வந்துச்சு. வேற வழி இருந்தா யாரு சார் குழாயில பூந்து வூட்டுக்குப் போவாங்க?"

அப்பா சொன்னது

முடிவு வருவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஏழுமலை மாமல்லபுரம் போனபோதெல்லாம் தேங்காய் உடைத்தார். ஸ்டெல்லா ஜெபத்தில் எறும்புத்தின்னியின் குட்டிக்கு ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். ஒருநாள் சாயங்காலம் லூசியா கூப்பிட்டார். கேட்ட எல்லா இடத்திலும் கொடுக்கவில்லை. எறும்புத்தின்னி போன இடத்தில் உண்டு. புதர்நாய்கள் போன இடத்தில், மனிதன் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குச் சுரங்க வழி உண்டு. வேலை தொடங்கும் தேதிகூடக் குறித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பார்த்திபன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு யாருக்கும் ஜாகுவார் கிடைக்கவில்லை, ஆனாலும் பஜ்ஜி வந்தது.

வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். எந்தச் சாலை, எவ்வளவு அகலம், மழையில் தண்ணீர் நிற்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புதர்நாய் படத்தைப் பார்க்கவேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டிருக்கிறேன், காட்டக் கூடாது என்றேன். சரி என்று தலையாட்டினார். பிறகு எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற அந்தத் தார்ச்சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நமக்கு ஒரு பாதை வுட எத்தினி ஆபீஸ் ஏறி எறங்கனேன். நீ உக்காந்த எடத்துலேர்ந்து நாயிங்களுக்குப் பாதை வாங்கிக் குடுத்துட்டு வந்துகீற. கைய கழுவிகினு சோறு துண்ணு, போ."

பாஸ்போர்ட்கூட இல்லாமல் கடல் தாண்டி ஒரு காட்டுக்கு வாசல் வைத்துவிட்டு, மறுநாள் காலை கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு எலிப் படங்களுக்குப் பெயர் போட உட்காருகிற உத்தியோகம், ஐயா, எங்கள் உத்தியோகம்.